ஏழு கிணறுகளை நோக்கி ஒரு மோட்டார்ப் பயணம்

மாத்தளையில் வாழ்பவர்களுக்கு வெந்நீர் என்றால் அடுப்பிலே காய்ச்சிய நீர்தான். மார்கழி விடியலில் எங்கள் கிணற்றடியில் நின்று முதல் வாளியைத் தலையில் ஊற்றிக்கொள்வதற்குத் தனியான மனத்திண்மை வேண்டும் என்பதை இவ்வூரார் அனைவரும் அறிவர். ஆகவே, நிலத்திலிருந்து தானாகவே சூடாக ஊறும் நீரைத் தேடி நாங்கள் சென்ற ஒரு நாட் பயணத்தைப் பற்றி எழுதுவதில் எனக்குச் சிறிது உற்சாகம் உண்டு. வாசகர்கள் பொறுத்தருள்வார்களாக.

பயணத்துக்கு வித்திட்டவள் தரம் பத்தில் பயிலும் என் மகள். நூலகத்திலிருந்து கொண்டுவந்த ஒரு புவியியற் புத்தகத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, உணவுக்கு அழைத்தும் எழுந்திராமல் இருந்தாள். எட்டிப் பார்த்தேன். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் யெலோஸ்டோன் தேசியப் பூங்காவின் படங்கள். 1872ஆம் ஆண்டிலே சட்டம் இயற்றிக் காக்கப்பட்ட வனம் அது. உலகின் முதலாவது தேசியப் பூங்கா என்ற பெயர் பெற்றது. பரப்பளவு ஏறத்தாழ 8,980 சதுரக் கிலோமீற்றர், அஃதாவது நமது மாத்தளை மாவட்டத்தைப் போல நான்கரை மடங்கு. அதனுள்ளே எட்டு என்ற இலக்கத்தைப் போல வளைந்து செல்லும் 228 கிலோமீற்றர் நீளமான வீதியொன்று இருக்கிறது. அவ்வீதியிலே மோட்டார் வண்டியில் செல்பவர்கள், வழிநெடுகிலும் கொதிக்கும் குளங்களையும், குமிழியிடும் சேற்றுக் குழிகளையும், ஆவி கக்கும் பிளவுகளையும், வானை நோக்கிப் பீறிட்டெழும் வெந்நீர்த் தம்பங்களையும் இறங்கி இறங்கிப் பார்த்துச் செல்லலாம். இத்தகைய விந்தைகள் அங்கே பத்தாயிரத்துக்கு மேல் உள்ளனவாம்.

“அப்பா, நமது நாட்டிலே இப்படி ஒரு வீதி இல்லையா?” என்று கேட்டாள் மகள்.

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். நமது மாவட்டத்திலும் ஒரு தேசிய வனம் உண்டு. 1984இல் அவ்வாறு பிரகடனம் செய்யப்பட்ட வஸ்கமுவ. ஆனால் அதன் புகழ் யானைக்கும் கரடிக்கும் உரியது, வெந்நீருக்கு உரியதன்று. இலங்கையிலோ எரிமலை கிடையாது. இதையெல்லாம் நான் ஓர் ஆசிரியனுக்குரிய தோரணையில் விளக்கத் தொடங்கும்போது, மூலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமி தலை நிமிராமலே ஒரு வார்த்தை சொன்னார்.

“ஏன் தம்பி, எங்கள் கன்னியா இருக்கிறதே.”

மாமி திருகோணமலையில் பிறந்தவர். மணமாகி மாத்தளைக்கு வந்தவர். 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் மீண்டும் போர் மூண்டு, பாதைகள் அடைபட்டிருந்த வேளையில், அங்கே அவருடைய தாயார் காலமானார். செய்தி வந்துசேரவே பல நாட்கள் சென்றன. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை, திருகோணமலை வழக்கப்படி கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் நடந்தது. பெற்ற மகள் அங்கே இருக்கவில்லை. 2009இல் போர் ஓய்ந்தது. பிறகு மாமனார் படுக்கையில் வீழ்ந்தார். அவர் சென்றபின் மாமியின் முழங்கால்கள் சொற்கேட்க மறுத்தன. இப்படியே ஆண்டுகள் கழிந்தன. கேட்டால் கொடுக்கக்கூடியவர்களிடமும் எதையும் கேட்டறியாதவர் அவர். அன்று கேட்டார், அதுவும் கீரைக்கட்டைப் பார்த்துக்கொண்டு.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம்.

அயலவர் ஒருவரின் பழைய வான் வண்டி. சாரத்தியம் அடியேன். முத்துமாரியம்மன் கோயில் வாசலில் வண்டியை நிறுத்திக் கற்பூரம் ஏற்றினோம். மாசி மகத்திலே ஐந்து தேர்கள் வீதி வலம் வரும் அக்கோயிலைப் பற்றி இங்கே விரிக்கப் புகின் கட்டுரை வேறு திசையிற் சென்றுவிடும். ஆயினும், 108 அடி உயர்ந்து நிற்கும் அதன் இராஜகோபுரத்தின் கீழே நிற்கும்போதெல்லாம், முன்னே வடக்கு நோக்கி ஓடும் அந்த வீதியை ஒருமுறை பார்த்துவிட்டே செல்வது என் வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்து வரப்பட்ட நம்மவர்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே கால்நடையாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு வந்த தடம் அதுதான். கொள்ளைநோயாலும் காய்ச்சலாலும் வழியிலேயே வீழ்ந்தவர்களுக்குக் கணக்கில்லை. நாங்கள் ஒரு மணி நேரத்திற் கடக்கும் தூரத்தை அவர்கள் பல நாட்கள் நடந்தார்கள். இருப்புப்பாதை மாத்தளைக்கு வந்தது 1880இல்.

ஊரைக் கடந்து மூன்று கிலோமீற்றர் சென்றதும் அலுவிகாரை. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டிலே, அதுவரை வாய்மொழியாக வழங்கிவந்த பௌத்த மறைகள் ஏட்டில் எழுதப்பட்ட இடம் இதுவெனப் போற்றப்படுகிறது. வீட்டளவு பெரிய பாறைகள் பிளந்தும் சாய்ந்தும் ஒன்றன்மேலொன்று கிடக்கின்றன. மகள் அவற்றைப் பார்த்துவிட்டு, “இவையும் ஒரு காலத்தில் சூடாக இருந்தனவா?” என்றாள்.

குழந்தைகள் சில வேளைகளில் தாம் அறியாமலே சரியான இடத்தைத் தொட்டுவிடுகிறார்கள். இலங்கையின் நிலத்திற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மிகத் தொன்மையான உருமாறிய பாறைகளால் ஆனது. மாத்தளையும் கண்டியும் அடங்கிய நடுப்பகுதியைப் புவிச்சரிதவியலார் உயர்நிலத் தொகுதி என்று அழைப்பர். இப்பாறைகள் இப்போதைய உருவத்தைப் பெற்றது ஏறத்தாழ 55 கோடியிலிருந்து 60 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். இந்தியா, இலங்கை, ஆபிரிக்கா, அந்தாட்டிக்கா முதலிய நிலங்கள் ஒன்றோடொன்று மோதி ஒரு பெருங்கண்டமாய்ப் பொருந்திய காலம் அது. அம்மோதலில் நமது பாறைகள் நிலத்தின் கீழே 20, 30 கிலோமீற்றர் ஆழத்துக்கு அமிழ்த்தப்பட்டன. அங்கே 800 பாகை செல்சியசுக்கு மேலும் வெப்பம். மேலே முழு மலைத்தொடரின் பாரம். கடலடியிற் படிந்திருந்த சுண்ணாம்புச் சேறு அவ்வுலையில் வெந்து சலவைக்கல் ஆயிற்று. மணல் இறுகிக் குவாற்சைற்று ஆயிற்று. களிமண்ணோ செம்மணிகள் பதித்த பாறையாயிற்று. பின்னர் மேலிருந்த மலைகளை மழையும் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தேய்த்துக் கரைக்க, அடியிற் கிடந்தவை மெல்ல மெல்ல மேலே எழுந்தன. இன்று நாம் வீட்டு அத்திவாரத்துக்கு உடைத்துப் போடும் கல், ஒரு காலத்தில் எந்தக் கொல்லனது உலையையும்விட ஆழமான உலையில் இருந்து வந்தது.

மாத்தளையிலிருந்து நாவுல வரையிலான பகுதியிலே சுண்ணாம்புச் சூளைகளைக் கண்டிருப்பீர்கள். அவற்றில் எரிக்கப்படும் கல், மேற்சொன்ன சலவைக்கல்லின் இனம். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பாக அது முடியும்போது, தன் வாழ்நாளில் இரண்டாம் முறை தீயைக் கண்டு வருகிறது என்று சொன்னேன். மாமி தம் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

கருமை கலந்த பச்சை நிறமாய், எண்ணெய் பூசியதுபோல மினுங்கும் மற்றொரு கல்லும் இவ்வழியில் உண்டு. சார்னோக்கைட் என்பது அதன் பெயர். கல்கத்தாவிலே யோப் சார்னொக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறையில் இத்தகைய கல்லைக் கண்ட தோமஸ் ஹொலண்ட் என்ற புவிச்சரிதவியலார் அவ்வாறு பெயரிட்டார். கல்லறைக் கல்லோ சென்னைக்கருகே பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்திலிருந்து சென்றதெனக் கருதப்படுகிறது. பெயர் வணிகருக்குப் போயிற்று, கல் நம்முடையது. பல்லாவரத்துக் கல்லும் மாத்தளைக் கல்லும் ஒரே வகைப் பாறையைச் சேர்ந்தவை என்பதை மாணவர்கள் மறவாதிருப்பது நன்று.

நாலந்தாவிலே பத்து நிமிடம் தங்கினோம். பல்லவர் பாணியில் அமைந்த சிறிய கற்கோயில் ஒன்று நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் தனித்து நிற்கிறது. இந்துக் கோயிலின் உருவமும் பௌத்தத்தின் சாயலும் அதில் ஒருங்கே விளங்கும். மகாவலித் திட்டத்தின் நீர் சூழ வந்தபோது, அதனைக் கல் கல்லாகக் கழற்றி எடுத்து, மேட்டிலே மீண்டும் அடுக்கினார்கள். தம்புள்ளையில் நாங்கள் இறங்கவில்லை. சிகிரியாவைத் தூரத்திலேயே கண்டு வணங்கிவிட்டு, வலப்புறம் திரும்பித் திருகோணமலைப் பாதையைப் பிடித்தோம். மலைநாட்டின் ஈரக் காற்று அங்கேயே விடைபெற்றது.

ஹபரணையைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்து சிறிது தூரம் போனபின், எங்களுக்கு முன்னால் வாகனங்கள் வரிசையாக நின்றன. ஒரு கொம்பன் யானை வீதியின் நடுவிலே நின்றுகொண்டு, ஒரு பேருந்தின் முகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தது. ஹுருலு, கவுடுல்லை, மின்னேரியா ஆகிய வனங்களுக்கிடையே யானைகள் போய்வரும் நிலம் இது. பாதை அவற்றின் நிலத்தை ஊடறுத்துச் செல்கிறதேயன்றி அவை நம் பாதையைக் குறுக்கிடவில்லை. கால் மணி நேரம் காத்திருந்தோம். யானை காட்டுக்குள் இறங்கிய பின்பு புறப்பட்டால், நமது வண்டியின் உஷ்ணமானி சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒருவாறு ஓட்டிச் சென்று, வீதியோரத்துத் தேநீர்க் கடை ஒன்றின் முன்னே நிறுத்தியபோது, முன்மூடியின் கீழிருந்து ஆவி பறந்தது.

அவசரத்தில் நான் ராடியேற்றரின் மூடியில் கைவைக்கப் போனேன். கடையிலிருந்து ஒரு சிங்களப் பெரியவர் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “எப்பா மாத்தையா, எப்பா! கொஞ்சம் பொறுங்க” என்று இரு மொழியிலும் தடுத்தார். எங்களை வாங்கிலே அமர்த்தி வெறுந்தேநீர் கொடுத்தார். அரைமணி நேரம் கழிந்தபின், ஈரச் சாக்கை மடித்து மூடியின்மேற் போட்டு, தம் முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு, மூடியைக் கால் சுற்றுத் திருகினார். அப்படியும் ஒரு சீறலுடன் வெந்நீர் எழுந்து சாக்கை உதறித் தள்ளிற்று. அரைமணிக்கு முன்னே நான் திறந்திருந்தால் என் முகம் என்னவாகியிருக்கும் என்பதை நினைக்க இப்போதும் உடல் கூசுகிறது. தேநீருக்கு மட்டும் காசு பெற்றுக்கொண்டார். தண்ணீருக்கும் உதவிக்கும் பெற மறுத்துவிட்டார்.

நிற்க. யெலோஸ்டோனின் பீறிடும் ஊற்றுகள் எவ்வாறு தொழிற்படுகின்றன என்று மகளுக்கு விளக்க நான் வேறு உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை. நீர் 100 பாகையிற் கொதிக்கும் என்பது திறந்த பாத்திரத்துக்குப் பொருந்தும். அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 பாகையைத் தாண்டிய பின்னும் கொதியாமல் நீராகவே இருக்கும். அழுத்தம் திடீரென்று தளர்ந்தால், ஒரு பகுதி கணத்தில் ஆவியாகி, மிகுதி நீரையும் தூக்கிக்கொண்டு வெளிப்படும். வண்டியிலே மூடி செய்யும் வேலையை, அங்கே நிலத்தடிக் குழாய்களில் நிற்கும் நீரின் சொந்தப் பாரமே செய்கிறது. அடியில் உருகிய பாறையின் வெப்பம். மேலே குளிர்ந்த நீரின் பாரம். நடுவிலே ஒடுங்கிய குழாய். மேல்நீர் சற்று வழிந்து பாரம் குறைந்ததும், அடிநீர் வெடித்தெழும். ‘ஓல்ட் பெயித்புல்’, அஃதாவது நம்பிக்கைக்குரிய முதியவர் எனப் பெயர் பெற்ற அங்குள்ள ஊற்று, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை 30 முதல் 55 மீற்றர் உயரம்வரை இவ்வாறு எழுகின்றது. “அப்படியானால் நமது வானும் ஒரு யெலோஸ்டோன்தான்” என்றாள் மகள். என் மனைவிக்கு அந்த நகைச்சுவை அவ்வளவு பிடிக்கவில்லை.

கந்தளாய்க் குளத்தருகே கட்டுச்சோறு உண்டோம். குளக்கோட்டு மன்னனின் பெயரோடு தமிழ் மரபிலே சேர்த்துப் பேசப்படும் பெருங்குளம் அது. 1986ஆம் ஆண்டு சித்திரை மாதத்து அதிகாலையொன்றில் இதன் அணை உடைந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இப்போது அலையின்றிக் கிடந்தது. மாமி உணவிற் பாதியை ஒதுக்கிவைத்தார். நெருங்க நெருங்க அவர் பேச்சுக் குறைந்துகொண்டே வந்ததை நான் கவனித்தேன்.

திருகோணமலை நகரிலிருந்து அனுராதபுரம் செல்லும் வீதியில் எட்டுக் கிலோமீற்றரளவில் கன்னியா இருக்கிறது. நுழைவுச்சீட்டுப் பெற்றுக்கொண்டு, மர நிழலில் நடந்தோம். யெலோஸ்டோனின் படங்களைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு முதலில் ஏமாற்றமே உண்டாகும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆவித் தம்பம் இல்லை. வண்ணக் குளம் இல்லை. ஒரு சிறு முற்றத்திலே, கட்டிய சுவர்களுக்குள், ஏழு சதுரக் கிணறுகள். ஆழம் மூன்று, நான்கு அடிக்கு மேல் இராது. அடியில் கிடக்கும் மணலும் அதிலிருந்து எழும் சிறு குமிழிகளும் தெளிவாகத் தெரிகின்றன. மக்கள் வாளியால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்கிறார்கள். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே வரிசையில் ஈர உடையுடன் நிற்கிறார்கள். ஒரு கிணற்றிலிருந்து மறு கிணற்றுக்குப் போனால் சூடு சற்றே மாறுகிறது. விந்தை அங்கேதான் தொடங்குகிறது.

மகள் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து காய்ச்சல்மானியைக் கொண்டுவந்திருந்தாள். ஒரு கிணற்று நீர் 38 பாகைக்குச் சற்று மேல். மற்றொன்று 40ஐத் தொட்டது. “இந்தக் கிணற்றுக்குக் கடுங்காய்ச்சல்” என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

எரிமலையற்ற நாட்டிலே இக்காய்ச்சல் எங்கிருந்து வந்தது? பூமியின் உள்வெப்பம் எரிமலை நாடுகளுக்கு மட்டும் உரிய சொத்தன்று. உலகில் எங்கே துளைத்தாலும், ஒரு கிலோமீற்றர் கீழே செல்லச் செல்லச் சராசரியாக 25 முதல் 30 பாகை வெப்பம் கூடும். பூமி பிறந்த காலத்து வெப்பத்தின் மிச்சமும், பாறைகளிலுள்ள யுரேனியம், தோரியம், பொற்றாசியம் ஆகியவை சிதைவதால் உண்டாகும் வெப்பமும் அதற்குக் காரணம். மாத்தளையில் என் கிணற்றுக்குக் கீழேயும் அவ்வெப்பம் உண்டு. ஆனால் அங்கே அதைத் தொட்டுவிட்டு மேலே திரும்பிவர நீருக்கு நல்ல வழியில்லை. கன்னியாவிலோ வழி இருக்கிறது. மழைநீர் பாறையின் வெடிப்புகளூடாக மிக ஆழத்துக்கு இறங்கி, அங்கே நீண்டகாலம் தங்கிச் சூடேறி, வேறொரு வெடிப்பின் வழியாக விரைந்து மேலே வருகிறது. ஆகவே, கிணற்றில் நாம் காணும் நீர் என்றோ பெய்த மழையே. மேலே வரும்போது வழியிற் குளிர்ந்தும், ஆழமற்ற நிலத்தடி நீரோடு கலந்தும் 40 பாகைக்கு இறங்கிவிடுகிறது. ஏழு கிணறுகளிலும் சூடு ஒரேயளவாக இல்லாதது ஏன் என்பதற்கும், ஒவ்வொன்றிலும் குளிர்நீர் கலக்கும் அளவு வேறுபடுவதையே விடையாகக் கொள்ளலாம்.

ஊற்றுகள் இருக்கும் இடங்களைத் தேசப்படத்திற் குறித்துப் பார்த்தால் மற்றோர் உண்மை புலனாகும். திருகோணமலைப் பக்கத்துக் கன்னியாவும் ரங்கிரியவும், அம்பாறையின் மகாஓயாவும் கப்புறல்லையும், அம்பாந்தோட்டையின் மகாபெலஸ்ஸவும் வடகிழக்கிலிருந்து தென்கிழக்கை நோக்கி ஒரு வளைந்த வரிசையில் அமைகின்றன. நாங்கள் காலையிலிருந்து பார்த்து வந்த உயர்நிலத் தொகுதி, கிழக்கேயுள்ள விஜயன் தொகுதி என்னும் பாறைக் கூட்டத்தின்மேல் ஏறி அமர்ந்திருக்கும் எல்லையை ஒட்டிச் செல்வது அவ்வரிசை. 50 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மோதலின் தழும்பு அது. பழைய தழும்பை ஒட்டிய பலவீனமான வெடிப்புகளே இன்றைய நீருக்குப் படிக்கட்டுகள். மகாஓயாவில் நீர் 55 பாகையளவு சூடாகக் கிணற்றில் நிற்கும். அதில் கையை வைத்திருக்க இயலாது. சூடான நீர் கூடுதலான சிலிக்காவைக் கரைத்துக்கொள்ளும் இயல்புடையது. நீரிலுள்ள சிலிக்காவை அளந்து, ஆழத்திலே அது எவ்வளவு சூடாயிருந்தது எனக் கணிக்கும் இரசாயனவியலார், இத்தீவின் சில ஊற்றுகளின் அடியில் 100 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் இருத்தல் வேண்டும் என்கின்றனர்.

புராணம் வேறு விதமாகச் சொல்லும். இராவணன் தன் தாயின் ஈமக்கடனைச் செய்ய நீர் வேண்டி, வாளால் ஏழிடத்திற் குத்தினான் என்பர் சிலர். திருமால் அந்தண வடிவிலே வந்து, தாய் இறந்தாளென அவனுக்கு அறிவித்து, நீரை வருவித்தார் என்பர் வேறு சிலர். எப்படியாயினும், மகன் தாய்க்குச் செய்த கடனுக்காக உண்டான நீர் என்பதில் ஊரார் ஒருமித்திருக்கிறார்கள். ஆகையினாற்றான் தலைமுறை தலைமுறையாகத் தம் தாய் தந்தையரின் கிரியைக்கு இவ்விடம் வருகிறார்கள்.

இன்று இவ்விடம் தொல்லியற் காப்புக்கு உட்பட்டது. அருகிலிருந்த பிள்ளையார் கோயில் நிலத்தைப் பற்றிப் பிணக்கு எழுந்து, 2019இல் தமிழர் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்ததும், திருகோணமலை மேல் நீதிமன்றம் அங்கே கட்டடம் எழுப்புவதற்கு இடைக்காலத் தடை விதித்ததும் வாசகர் அறிந்ததே. சில கிலோமீற்றர் தொலைவிலே இராஜராஜப் பெரும்பள்ளி என்னும் வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் நிறைந்த பௌத்தப் பள்ளி அது. ஒருவருக்கே உரியது என்று எவரும் எளிதிற் சொல்லிவிடக்கூடிய மண்ணன்று இது என்பதே என் எண்ணம்.

என்னை அதிகம் வருத்தியது மற்றொன்று. ஒரு சிறுவன் கிணற்றினுள் நாணயத்தை வீசினான், பெற்றோர் சிரித்தனர். அடியிலே வேறு பல நாணயங்களும், சவர்க்கார உறை ஒன்றும் கிடந்தன. யெலோஸ்டோனிலே ‘மோர்ணிங் குளோறி’ என்ற அழகிய நீலக் குளம் ஒன்றுண்டு. வருவோர் போவோர் ஆண்டுக்கணக்காக நாணயங்களையும் குப்பைகளையும் அதனுள் எறிந்ததால், அடியிலிருந்த துவாரம் அடைபட்டது, சூடு தணிந்தது. தணிந்த நீரிலே வேறு நுண்ணுயிர்கள் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பரவின. நீலம் பச்சையாயிற்று, ஓரங்கள் மஞ்சளாயின. அவ்வளவு பெரிய நெருப்பின்மேல் அமர்ந்திருக்கும் ஊற்றுக்கே அக்கதியென்றால், வெடிப்புகளை நம்பி வாழும் நமது ஏழு கிணறுகளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா? மகள் அச்சிறுவனிடம் சென்று ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். அவன் பாதி கேட்டு ஓடிவிட்டான்.

மாமி அதுவரையில் படிக்கட்டிலே அமர்ந்திருந்தார். என் மனைவி கைகொடுத்து எழுப்ப, மெல்ல நடந்து வந்தார். ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு வாளி. முதல் வாளியை மகள் ஊற்றினாள், அடுத்ததைப் பேத்தி. மூன்றாவதைத் தாமே மொண்டார். நாங்கள் தடுக்கவில்லை. ஏழாவது கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு, இரு கைகளாலும் நீரை அள்ளி, தெற்கு நோக்கி மூன்று முறை விட்டார். ஐயர் இல்லை, எள்ளும் தருப்பையும் இல்லை. உதடுகள் அசைந்தன, எனக்குக் கேட்கவில்லை.

சிறிது நேரம் கழித்து, தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: “அந்த நாளில் இதைவிடச் சூடாக இருந்தது.”

“நீங்கள் அப்போது சின்னப் பிள்ளை, அம்மம்மா. தோல் மெல்லியதாக இருந்திருக்கும்” என்றாள் மகள்.

“இல்லையடி. இதைவிடச் சூடு. அம்மா ஊற்றும்போது நான் கத்துவேன்.”

மகள் காய்ச்சல்மானியைக் கையிலே வைத்துக்கொண்டு சிறிது நின்றாள். பிறகு அதைப் பையில் வைத்துவிட்டாள்.

வெயில் சாயும்வரை அங்கிருந்துவிட்டு, கடற்கரையையும் கோணேசரையும் மறுமுறைக்கு ஒத்திவைத்துத் திரும்பினோம். யானைப் பாதையை இருட்டுமுன் கடந்துவிட வேண்டுமென்ற கவலை எனக்கு. மாமி ஒரு போத்தல் நிறையக் கிணற்று நீரை எடுத்து, சேலைத் தலைப்பிற் சுற்றி மடியில் வைத்திருந்தார். கந்தளாயில் அது சூடாக இருந்தது. தேநீர்க் கடைப் பெரியவரிடம் நிறுத்தி, வண்டி நலமென்று சொல்லி, மீண்டும் ஒரு முறை வெறுந்தேநீர் குடித்தபோது வெதுவெதுப்பாக இருந்தது. நாலந்தாவைக் கடக்கும்போது பேத்தி கையை வைத்துப் பார்த்துவிட்டு, “ஆறிவிட்டது, அம்மம்மா” என்றாள்.

“ஆறட்டும்” என்றார் மாமி.

வீடு வந்து சேர இரவு ஒன்பது மணி. போத்தல் சுவாமி அறையிலே, அவருடைய தாயாரின் படத்தின் கீழே இருக்கிறது.